இருபத்து மூன்று கையெழுத்து

"மேடம் வந்தாச்சுக்கா, சீக்கிரம் வாங்க. பூட்ஸெல்லாம் போட்டுக்கிட்டு ரெடியா வந்திருக்காங்க லா."

முனைச் சாப்பாட்டுக்கடை சாதிக் ஃபோனில் சொன்னதும், லோகேஸ்வரி பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் வெள்ளம் வடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எல்லா வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கடைசி வீட்டுக்காரர் வெறுத்துப்போய் பங்சாரில் இருக்கும் மகளோடு போய்விட்டார். அந்த வீட்டை ஓர் அகதிக் குடும்பத்துக்குக் கொடுக்க முடியுமா என்று உதவி அமைப்பு ஒன்று கேட்டது. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் லோகேஸ்வரிதான் நாலு முறை பங்சாருக்குப் போய் அவரைச் சம்மதிக்க வைத்தார். தெருவில் யாரும் ஆட்சேபம் சொல்லக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை. அன்று முற்பகல் அமைப்பின் அதிகாரி வந்து அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். மறுப்பு இல்லையென்றால் அன்றே வீடு அகதிகளுக்கு.

மறுப்பு அதே தெரு லட்சுமணனின் சட்டைப்பையில் இருந்தது. இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனு.

லோகேஸ்வரி போவதற்குள் லட்சுமணன் முனைக்கு வந்துவிட்டிருந்தார். எதிரே நாற்பது வயதுப் பெண் ஒருவர் நின்றார். இஸ்திரி கலையாத சுடிதார், கக்கத்தில் ஃபைல், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெயர் வசுந்தரா என்றார்.

"நான் வந்தது அந்தக் கடைசி வீட்டு விசயமா..."

"அது எங்க ஓடிடப் போகுது மேடம். முதல்ல நம்ம வீடுங்களப் பாருங்க. ஆறு வாரமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கல" என்று லட்சுமணன் முன்னே நடந்தார். போகிற போக்கில் லோகேஸ்வரியிடம், "பேச்சுலயே தெரியுது, சிலோன்காரங்க. எங்கப்பா காலத்துல வெள்ளைக்காரன் ஆபீஸெல்லாம் இவங்க கையிலதான். வேலை சுத்தமா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் வீடு இராஜம்மாவுடையது. வசுந்தரா விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஈரம் காயவில்லை, இப்போது பெயிண்ட் அடித்தால் ஒரே மாதத்தில் உரிந்துவிடும் என்றார். தண்ணீரில் நின்ற பிளக் எதையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் தொடக்கூடாது என்றார். அடுத்த வீட்டில் ஊதிப்போன கதவை எப்படிக் காப்பாற்றுவது என்று சொன்னார். செய்தி பரவ, தெருவே அவர் பின்னால் திரண்டது. ஒருவர் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

வசுந்தரா சுவர்களில் இருந்த பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். லட்சுமணன் வீட்டைத் தாண்டியதும் கோடு ஒரு சாண் இறங்கியிருந்தது. திரும்பி வந்தார். அந்த வீட்டு முன்னால் தெருவோரச் சாக்கடையான லொங்காங்கின் மேல் கான்கிரீட் போட்டு மூடி, கார் நிறுத்தும் இடத்தை நீட்டியிருந்தார்கள்.

"இதைத் திறக்கேலுமோ அண்ணை?"

"அது கார் நிக்கிற இடம் மேடம்."

"காரோட வெள்ளத்தையும் சேர்த்து பார்க் பண்ணி வச்சிருக்கான்" என்றார் இராஜம்மா. கூட்டம் சிரித்தது.

கடப்பாரை வந்தது. இரண்டு கான்கிரீட் பலகைகள் பெயர்ந்ததும் வசுந்தரா தானே இறங்கி இழுத்தார். பாதி மெத்தை ஒன்று சேற்றோடு வெளியே வந்தது. தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் தெரு நீளத்துக்கும் இரைச்சலோடு ஓடியது. இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். ஆறு வாரத்தில் அந்தத் தெரு சிரித்தது அன்றுதான். லட்சுமணன் மட்டும் அது தன் வீட்டு மெத்தைதான் என்று முனகினார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று லோகேஸ்வரி கேட்டார்.

"நீர்ப்பாசன இலாகாவில பன்னிரண்டு வருசம் வேலை செய்தனான். எங்கட பக்கமும் வருசா வருசம் வெள்ளம்தான்" என்றார் வசுந்தரா.

லட்சுமணனுக்கு வெட்கம் போய் உற்சாகம் வந்துவிட்டது. "மேடம் மாதிரி ஒருத்தர் இந்தத் தெருவுல இருந்தா போதும், அடுத்த மழைக்கு நிம்மதியா தூங்கலாம்" என்றவர், சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

லோகேஸ்வரி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று குறுக்கே வந்து பார்த்தார். லட்சுமணன் கேட்கவில்லை. மனு கை மாறியது.

வசுந்தரா நின்றபடியே வாசித்தார். முதல் காரணமே, அகதிகள் வந்தால் லொங்காங்கில் குப்பை போடுவார்கள், மறுபடி வெள்ளம் வரும் என்பதுதான். அவர் தன் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு மனுவை மடித்து லட்சுமணன் கையிலேயே வைத்தார்.

"இதை ஆபீசரிட்டக் குடுங்கோ அண்ணை. அவர் இப்ப வந்திடுவார்."

முனையில் சின்ன லோரி ஒன்று திரும்பியது. கட்டில் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை வசுந்தராவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"காலையில இருந்து சொல்லத்தான் பார்த்தனான், நீங்கள் விடேல்லை. அது என்ர மகள். அந்தக் கடைசி வீட்டுக்கு வாற அகதிக் குடும்பம் நாங்கள்தான்."

லட்சுமணன் மனுவை நாலாகக் கிழித்து லொங்காங்கில் போடக் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்து, துண்டுகளைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு லோரியை நோக்கி ஓடினார்.