ஏழாம் படுக்கை

ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் ஆஸ்பத்திரி நகைச்சுவைத் தொடரில் அமலதாஸ்தான் ஏழாம் படுக்கை நோயாளி. வாரத்துக்கு ஒரு வியாதி. படப்பிடிப்புக்கு முந்தின நாள், மாலைக் காபியின்போது அதை நடித்துக் காட்டுவார். என்ன வியாதி என்று அவர் மனைவி ரெஜினா சொல்ல வேண்டும். வலிப்பைக் காட்டினால், "எறும்பு கடிச்சிருச்சா?" என்பாள். "நீ டாக்டரானா ஊரே காலிடி" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி, காபி வேட்டியில் கொட்டியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ சொல்ல வந்தார், நாக்குக் குழறியது.

"பக்கவாதம்!" என்று ரெஜினா கைதட்டினாள். "கண்டுபிடிச்சிட்டேன்ல? போதும், எந்திரிங்க. வேட்டியில கறை பிடிச்சிரும்."

அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தாள். எதிர்வீட்டுக்குப் போய், தான் ஜெயித்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள். அவர் அப்படியே இருந்தார். ஆஸ்பத்திரியில், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். "இப்பத்தான்" என்றாள்.

அமலதாசின் முப்பதாம் நாள் பூசைக்குத் தொடரில் நர்ஸாக நடிக்கும் தேவகி வந்திருந்தாள். ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு, அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்க நினைத்தாளோ என்னவோ, கேட்டாள்:

"அந்த வாரக் கதையில அண்ணனுக்கு வெறும் விக்கல்தான்க்கா. நடிச்சுக் காட்டினாரா? நீங்க வழக்கம்போலத் தப்பாத்தானே சொல்லியிருப்பீங்க?"

ரெஜினா தன் கைகளை மெல்ல விடுவித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அன்னிக்குத்தான் சரியாச் சொன்னேன்."