இன்னும் ஒரே ஒரு விசை

மேசைமேல் ஜப்பானியப் போர் விமானத்தின் குட்டி மாதிரி ஒன்று இருந்தது. ஓர் இடுக்கி அதன் விமானி அறைக்குள் செம்புக் கம்பியில் நெம்புகோல், தகரத்தில் இருக்கைப் பட்டை என்று செய்து செய்து ஒட்டியது. ஒன்றை முடித்ததும் அதற்கு இருப்புக் கொள்ளாது.

"நான் எப்போ உள்ளே உட்கார்றது அண்ணே?" என்று கேட்கும் விமானி பொம்மை.

"இன்னும் ஒரே ஒரு விசை, தம்பி."

ஐந்து மாதம் கழித்து இடுக்கியே அதைக் கூப்பிட்டது. பொம்மை ஆசையாக உள்ளே இறங்கியது. முழங்கால் நெம்புகோல்களில் இடித்தது; உட்கார முடியவில்லை.

"ஏதாவது ஒண்ணை எடுத்துடுங்களேன் அண்ணே."

இடுக்கி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது. எதையும் எடுக்க மனம் வரவில்லை. பொம்மையின் கால்களையே சற்று நேரம் பார்த்தது.

"கத்தி அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றது.