இடம் மாறிய புள்ளி

"சார், பார்டர்ல ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்குது. நானும் காலையிலேர்ந்து தேடிக்கினே இருக்கேன், கண்ணுல படமாட்டேங்குது."

செல்போனில் துர்காவின் குரல் கேட்டதும் நீலாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கணவருக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டியிருந்தாள்.

"வந்துட்டியா? ஏம்மா துர்கா, படுத்துக் கெடக்கற மனுஷன்கிட்டயா வேலை வாங்கறீங்க? கடையில வேற ஆளே இல்லியா?"

"நீ கம்முனு இரு" என்றார் குமாரசாமி. கட்டிலில் சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். அவள் முணுமுணுத்துக்கொண்டே முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

அந்தப் பட்டுக் கடைக்குச் சேலை டிசைன் எல்லாம் குமாரசாமிதான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து மாங்காயும் மயிலும் வரைவார். அதன்படிதான் தறி ஓடும். பங்குனியில் ஒரு நாள் காலை, பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. பக்கவாதம். பேச்சு திரும்பியது, காலும் ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் யாருடையதோ போல மடியில் கிடந்தது.

"விரலை அசைச்சுக்கிட்டே இருந்தா வந்துடும். விட்டுட்டீங்கன்னா அப்படியே போயிடும்" என்று சொல்லி, பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார் டாக்டர். குமாரசாமி அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

"செத்த கையி இது. செத்ததுக்கு எதுக்குப் பயிற்சி?"

நீலாம்பாள் கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குளிப்பாட்டி, ஊட்டி, வேட்டி மாற்றி, அவளுக்கு இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் அவரிடம் வேலை பழகிய துர்கா ஒரு நாள் வந்தாள். கடைக் கம்ப்யூட்டரை அவருடைய செல்போனிலேயே திறக்கும்படி செய்துவிட்டுப் போனாள். அங்கே திரையில் இருப்பது அப்படியே இங்கே தெரியும், இங்கே தொட்டால் அங்கே நகரும். அன்றிலிருந்து தினமும் ஒரு கோளாறு, தினமும் ஒரு போன்.

"என்னா புடவைம்மா?"

"முகூர்த்தப் புடவை சார். பொண்ணு வீட்டுக்காரங்க அவசரப்படுத்தறாங்க. இன்னிக்கே தறிக்கு அனுப்பணும். இப்படியே போச்சுன்னா பார்டர் பூரா தப்பு வந்துடும்."

குமாரசாமி இடது கையில் செல்லைப் பிடித்தார். உள்ளங்கை அளவுத் திரையில் மாங்காய் வரிசை கடுகு கடுகாகத் தெரிந்தது.

"தலகாணி மேல வெச்சு இடது கையால தட்டுங்களேன். யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் நீலாம்பாள்.

"முகூர்த்தப் புடவைடி! ஒரு பொண்ணு அதைக் கட்டிக்கினு மணையில உக்காரப் போவுது. அதைப் போய் இடது கையால தொடச் சொல்றியே, கூறு இருக்குதா உனக்கு?"

"அப்ப விட்டுடுங்க. முடியலன்னு சொல்லிடுங்க."

"முடியலன்னு நான் எப்ப சொன்னேன்?"

வலது கையைப் பாரம் தூக்குவது போலத் தூக்கினார். ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே திரையில் இறங்கியது. படம் எங்கேயோ ஓடியது. இழுத்து வந்தார். கட்டைவிரலையும் சேர்த்து வைத்து விரித்துப் பார்த்தார். விரியவில்லை. மறுபடியும் வைத்தார். நெற்றியில் வியர்த்தது. மாங்காய் கொஞ்சம் பெரிதானது. இன்னொரு தரம் விரித்தார், இன்னும் பெரிதானது.

"போதும்ங்க, கை நடுங்குது."

"பேசாதே. கவனம் சிதறுது."

கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் சாப்பாட்டுக்காக நின்றுபோனது.

"இதோ! மாங்கா மூக்குகிட்ட. ஒரு கட்டம் கீழ இறங்கிக்கினு இருக்குது பாரு!"

விரலால் தொட்டு இழுத்தார். புள்ளி தன் இடத்துக்கு ஏறியது.

"நீங்க இல்லாங்காட்டி இங்க ஒண்ணும் ஓடாது சார்!"

"நாளைக்காவது ஒழுங்கா பாத்து வைம்மா. தெனம் தெனம் இதே ரோதனை" என்று சலித்துக்கொண்டார் குமாரசாமி. நீலாம்பாள் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது வலது கை தானாக முன்னால் வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

அவர் கண்ணயர்ந்த பிறகு, நீலாம்பாள் செல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு துர்காவைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கும் கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதேம்மா. நான் வேணாம்னு சொன்னாதான் அந்த மனுஷன் செய்யறார்."

"பரவால்லக்கா. அந்தப் புடவை போன தீபாவளிக்கே வித்துப்போச்சு. சார் கண்டுபிடிச்சிடுவாரோன்னுதான் பயந்துக்கினு இருந்தேன். நாளைக்குப் புள்ளியை எங்க தள்ளி வெக்கட்டும்?"

"எங்கயாவது வை. படத்தை இன்னும் சின்னதா வை, ரெண்டு விரலையும் நல்லா விரிக்கணும்." நீலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா முகூர்த்தப் புடவைன்னு சொல்ல மட்டும் மறந்துடாதே. சாதாப் புடவைன்னா இடது கையாலயே முடிச்சிடுவார்."