இருபத்து நான்கு டிகிரி

ஷெட்டுக்குள் நுழைந்ததுமே தலைமை அலுவலக அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டார். கார் இன்ஜின் பூட்டும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர்கள் போல இருந்தார்கள்.

கோடியில் இருந்த சோதனை அறைக்குள் போனதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. ஏசி.

"அப்பாடா!" என்றவர், வந்த வேலை ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

கார் இன்ஜின் இழுக்கும் காற்றை அளக்கிற சென்சார். சூடான காற்று லேசு, குளிர்ந்த காற்று கனம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் சென்சாரின் அளவைத் திருத்தி அட்டவணை போட வேண்டும். பத்து நாள் வேலை. இன்ஜினியரம்மா நாற்பது நாளாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐம்பது டிகிரி என்னாச்சு?"

"முடிஞ்சுது சார்."

"பதினெட்டு?"

"அதுவும் முடிஞ்சுது. இருபத்துநாலுதான் சார், நிலையா நிக்க மாட்டேங்குது."

எப்படி நிற்கும்? கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பழைய பிஸ்டனை வேறு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு பெஞ்ச். வரிசையிலிருந்து இரண்டிரண்டு பேராக, முறை வைத்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

"நல்லாருக்கும்மா! கம்பெனி செலவுல ஊருக்கே குளுகுளுன்னு காத்து! கதவைச் சாத்தினா நிக்கும்ல?"

"நிக்கும் சார். டெஸ்டும் முடிஞ்சிரும். மறுநாளே ஏசியைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க."

"போகட்டுமே! சென்சாருக்குத்தானே வந்துச்சு? ஆளுங்களுக்கு வேணும்னா முறையா எழுதிக் கேக்கணும்."

"கேட்டோமே சார். ஏசி கூடக் கேக்கல, நாலே நாலு ஃபேன்தான். மூணு பேர் மயங்கி விழுந்த அன்னைக்கே எழுதினோம்."

"பதில் வரலையா?"

"வந்துச்சு."

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

'வெப்பநிலை மாறினால் கருவிக்குத்தான் திருத்தம் தேவை. பணியாளர்கள் பழகிக்கொள்வார்கள். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

"எந்த மடையன் இப்படி..."

கீழே இருந்த கையெழுத்து அப்போதுதான் கண்ணில் பட்டது. அவருடையதுதான்.

ஏசி ஓடியும் நெற்றி வியர்த்தது. வாசல் பெஞ்சில் இருந்த இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தன் உத்தரவு தவறு என்று தானே எழுதுகிற வழக்கம் தலைமை அலுவலகத்தில் கிடையாது. பேனாவைத் திறந்து, அறிக்கையில் வேறொன்று எழுதினார்:

'இருபத்து நான்கு டிகிரி இன்னும் நிலைபெறவில்லை. கோடை முடியும்வரை சோதனை தொடரட்டும்.'