குப்பைக் கோப்பை

"இன்னாங்க, எழுந்திரிங்க சீக்கிரம்! போட்டி வெச்சுட்டாங்க!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்குள் ஓடி வந்தாள் சாமுண்டீஸ்வரி. சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் பரந்தாமன், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பதறி எழுந்தார்.

"இன்னா போட்டி?"

"குப்பைப் போட்டிங்க! அட்டை, பேப்பரு, பாட்டிலு, பால் கவரு, இந்த மாதிரி காஞ்ச குப்பைய ஒரு வாரம் சேத்து வெக்கணுமாம். ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு ஊட்டுதையும் எடை போடுவாங்களாம். எடையப் பாத்துதான் பரிசாம். கோப்பைங்க, கோப்பை! செக்ரட்டரி சொன்னாரோ இல்லியோ, மீட்டிங்குலருந்து எழுந்து ஓடியாந்துட்டேன்."

"அவரு பேசி முடிக்கட்டும்னு உக்காரக் கூடாதா?"

"அவரு பூமி, வருங்காலம்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. அதுக்குள்ள நான் பத்து பாட்டில் சேத்துடுவேன்."

அவள் துடிப்பில் நியாயம் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தப் போட்டி வைத்தாலும் ஜெயிப்பது எதிர் வீட்டு மங்களம்தான். கோலமா, மங்களம். மியூசிக்கல் சேரா, மங்களம். உறியடியில்கூட ஆண்களைத் தள்ளிவிட்டு அவள்தான் பானையை உடைத்தாள். அந்த மங்களம் வேறு யாருமில்லை, பரந்தாமனின் சொந்தத் தங்கை. காலையில் கதவைத் திறந்தால் நாத்தனார் வீட்டு ஷோகேஸில் வரிசையாக நிற்கும் கோப்பைகளில்தான் சாமுண்டீஸ்வரி முழிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கோப்பை, அவள் வாங்கியாக வேண்டும். அந்த ஆசை அவளைச் சோறு தின்னவிடவில்லை.

மறுநாளே சேக்காட்டிலிருந்து அவள் அண்ணன் ஓர் ஆட்டோ நிறையப் பழைய பேப்பர் அனுப்பி வைத்தார்.

"அது உங்க அண்ணன் ஊட்டு குப்பைடி," என்றார் பரந்தாமன்.

"குப்பையில பேரா எழுதி ஒட்டிக்கீது? நம்ம ஊட்டுக்குள்ள வந்துட்டா நம்ம குப்பைதான்."

அடுத்து மேல்மாடி கிருஷ்ணப்பிரியா. ஐ.டி. வேலை. ஊசி நூல்கூட ஆன்லைனில் அட்டைப் பெட்டியோடு வாங்குகிற பெண்.

"என்ன ஆன்ட்டி, நெஜமாவே எங்க குப்பை வேணுமா? எல்லாத்தையுமா?" அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் மின்னியது.

"ஒண்ணு விடாம குடும்மா."

"ஐயோ ஆன்ட்டி, உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு!"

விஷயம் பரவிவிட்டது. மற்ற வீட்டுக்காரர்களும் தாங்களாகவே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்கள் என்று தெரியாமல் இத்தனை வருஷம் இவர்களோடு தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போட்டோமே என்று சாமுண்டீஸ்வரி உண்மையாகவே வருத்தப்பட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஹாலில் நடக்க இடமில்லை. பரந்தாமன் அட்டைப் பெட்டிகளுக்கு மேலே எட்டி எட்டி கிரிக்கெட் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்ததுதான் யாரும் எதிர்பாராதது. இரண்டு சாக்குப் பைகளை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள் மங்களம்.

"எங்க ஊட்டுதையும் வெச்சுக்கோங்க அண்ணி."

சாமுண்டீஸ்வரி சாக்குப் பையைத் திறந்து பார்த்தாள். "உனுக்கு வேணாவா மங்களம்?"

"எனுக்கெதுக்கு அண்ணி? உங்களுக்குத்தானே இதெல்லாம் வேணும்."

சாமுண்டீஸ்வரி நாத்தனாரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, கெட்டிப் பாலில் காபி போட்டுக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு இவ்வளவு பாசத்தோடு காபி கொடுத்ததில்லை.

மங்களம் போன பிறகு பரந்தாமனிடம் சொன்னாள். "பாவங்க உங்க தங்கச்சி, விட்டுக் குடுத்துட்டா. நாளைக்கு போட்டோ எடுக்கறப்போ அவளையும் நிக்க வெச்சுக்கலாம். கோப்பைய ஒரு ஓரமா புடிச்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. காயலான் கடையிலிருந்து பெரிய தராசு வந்து இறங்கியிருந்தது. குடியிருப்பே கீழே கூடியிருந்தது. பட்டுப் புடவையில் இறங்கி வந்தாள் சாமுண்டீஸ்வரி. அவளுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகச் சுமந்து, வேர்த்து விறுவிறுத்து வந்தார் பரந்தாமன்.

தராசு முள் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றாறு கிலோ!

கூட்டத்தில் விசில் பறந்தது. கிருஷ்ணப்பிரியா துள்ளித் துள்ளிக் கை தட்டினாள். செக்ரட்டரி தினகரன் மட்டும் நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இது பூரா உங்க வீட்டுக் குப்பைதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல இன்னா சார் யோசிக்கறது? ஒவ்வொரு பாட்டிலும் எங்க ஊட்டுதுதான்!" என்று ஊரே கேட்கச் சொன்னாள் சாமுண்டீஸ்வரி.

கடைசியாக மங்களம் வந்தாள், வெறுங்கையோடு. தராசுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சாமுண்டீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டோவில் கோப்பையை ஓரமாக வேண்டாம், நடுவிலேயே பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

தினகரன் மைக்கைத் தட்டினார்.

"நம்ம குடியிருப்புலயே கம்மியா குப்பை சேர்த்தவங்களுக்கான கோப்பை, ஒரு கிராம்கூட இல்லாம பூஜ்யம் காட்டுன மங்களம் அவர்களுக்கு!"

கோப்பையை வாங்கிய கையோடு மைக்கையும் வாங்கிக்கொண்ட மங்களம், குரல் தழுதழுக்கச் சொன்னாள்: "எங்க அண்ணி மட்டும் இல்லேன்னா இந்தக் கோப்பை எனுக்கு ஏதுங்க?"