டாக்ஸி கம்பெனிக் குரல்

போனில் தட்டிய சற்று நேரத்தில், கடை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பின்சீட்டில் உட்கார்ந்ததுமே அவள் பேச்சுக் கொடுத்தாள்.

“முன்னெல்லாம் டாக்ஸி கம்பெனிக்குப் போன் பண்ணித்தான் வண்டி கூப்பிடணும், இல்லையா?”

“ஆமாங்க. அங்க போன் எடுக்க ஒரு அம்மா இருந்தாங்க. வண்டி ஷெட்டை விட்டே கிளம்பியிருக்காது. ‘தெருமுனைக்கு வந்தாச்சுங்க’ன்னு கூசாம சொல்வாங்க. அந்தக் குரலுக்காகவே ஜனங்க கோபப்படாம காத்திருப்பாங்க.” ஓட்டுநர் சிரித்தார்.

“முதலாளி எப்படி?”

“சரியான சிடுமூஞ்சி! கம்பெனி ஓடினதே அந்த அம்மாவாலதான். அதை ஒருநாள்கூட அவங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னதில்ல. எல்லாரும் செல்போன்லயே வண்டி பிடிக்க ஆரம்பிச்சு, கம்பெனியை மூடினாரே, அன்னிக்கும் சொல்லல.”

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். வண்டி வரும் முன்பே ஓட்டுநரின் படத்தை அவளுடைய போன் காட்டியிருந்தது. அவள் பெயரை அவருடைய போனும் காட்டியிருக்கும்.

வீடு வந்தது.

“இன்னிக்குச் சொல்லிட்டீங்களே முதலாளி, அது போதும். உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் போனில் அடுத்த சவாரி கூப்பிட்டது. அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சர்க்கரை மட்டும் வேண்டாம்மா” என்றபடி இறங்கினார்.