ஆள் இருக்கிற சத்தம்

பூட்டிய வீட்டுக்குள் நாய் குரைத்தது. அந்த வீட்டில் நாயே கிடையாது.

தையல்காரம்மா பதறிப் பின்வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், கையிலிருந்த செல்போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பிறகு திரையில் இன்னொரு இடத்தைத் தொட்டார்.

"யாரது? இருங்க, வரேன்!" உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"அட, வீட்டம்மா உள்ளேயா இருக்காங்க?"

"அவ ஆபீஸ்ல இருந்து நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடுவாக்கா. இது மிஷின். ஆள் இருக்குற மாதிரியே சத்தம் போடும். தட்டும், கூப்பிடும், புருஷன் பொண்டாட்டி சண்டைகூட இருக்கு. சண்டை நடக்குற வீட்டுக்குள்ள எந்தத் திருடன் நுழைவான், சொல்லுங்க?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்த வாயில்லாப் பூச்சியா சண்டை போட்டுச்சு?"

டாக்டர் வீட்டம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை உடுப்பின் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வருவாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை. அதற்குமேல் பேசினால் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பாள்.

"எல்லாம் இன்ஷூரன்ஸ்காரங்க சொன்ன யோசனைக்கா. பத்து நாள் வீடு காலியாக் கிடந்து களவு போச்சுன்னா சல்லிக்காசு தரமாட்டாங்களாம். நீங்க ஒரு காது வச்சுக்கங்க, போதும். பேட்டரி கொஞ்சம் பழசு. சத்தம் நின்னுபோச்சுன்னா எனக்கு ஒரு போன் அடிங்க."

"சாவி?"

"கைமாறக் கூடாதாம். பாலிசியே செல்லாமப் போயிடும்." டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டு அவர் திரும்பினார். "உங்களை நம்பித்தான் போறேன்கா."

படித்த மனிதர் ஒருவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தையல்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மிஷினும் அவளை ஏமாற்றவில்லை. சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. படபடவென்று கதவைத் தட்டியது. "திறங்க! ஏங்க, திறங்க!" என்று கத்தியது. பேன்ட் நீளம் குறைக்க வந்த வாத்தியார் மிரண்டுபோய் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார், அது மிஷின்." ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் அசந்துபோய், என்ன விலை இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்தார். சந்துக்குள் போனவர் திரும்பி வரக் காணோம். தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். அந்த ஆள் டாக்டர் வீட்டுச் சுவரில் காதை ஒட்டவைத்தபடி நின்றிருந்தார்.

கத்திரிக்கோலும் கையுமாகப் போய் நின்றாள். "மீட்டர் இந்தப் பக்கம் இருக்கு. அங்க என்ன வேலை?"

"உள்ள ஒரு பொம்பள கூப்பிடுறாங்கம்மா. ரொம்ப நேரமாக் கூப்பிடுறாங்க."

"கூப்பிடத்தான் செய்யும். உன்னை மாதிரி நோட்டம் பாக்குற ஆளுங்களுக்காகத்தான அதை வச்சிருக்கு! அது மிஷின்யா."

"மிஷின் மாதிரி தெரியலம்மா. எதுக்கும் போலீஸுக்கு ஒரு வார்த்தை..."

"சொல்லேன். சுவத்துல காதை வச்சுக்கிட்டு என்ன செஞ்சேன்னு முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. உங்க ஆபீஸ் நம்பரும் எனக்குத் தெரியும்."

அவர் முகம் செத்துப்போனது. வேலை போய்விட்டால் யார் சோறு போடுவது? மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டினார். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு திருடனை விரட்டியடித்த பூரிப்பில் தையல்காரம்மா அன்றைக்கு இரண்டு சட்டை அதிகமாகத் தைத்தாள்.

நான்காம் நாள் குரல் கரகரத்தது. பேட்டரி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதைவிட, அது சொன்னதுதான் அவளுக்கு வெல்லமாக இனித்தது.

"அக்கா... தையல்கார அக்கா..."

'என்னையும் சேர்த்துல்ல பதிவு பண்ணியிருக்கா! இருக்கட்டும், ஊர்ல இருந்து வரட்டும். அடுத்த உடுப்புக்குக் கூலியே வாங்கக்கூடாது' என்று முடிவு செய்தாள்.

ஐந்தாம் நாள் கதவை நகத்தால் பிறாண்டுவதுபோல லேசாக ஒரு சத்தம் வந்தது. மதியத்தோடு அதுவும் ஓய்ந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்ட கடமையாயிற்றே என்று டாக்டருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், மிஷின் நின்னுபோச்சு. நேத்து மதியத்துல இருந்து பேச்சுமூச்சே இல்ல."

"நல்லாக் கேட்டீங்களா அக்கா? தட்டுற சத்தம்கூட இல்லையா?"

"சுவத்துல காதை வச்சே பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"நிச்சயமா?"

"சத்தியமா டாக்டர்."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பின்னால் கடல் இரைந்தது. யார் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அதுவரை அவரிடம் இல்லாத ஒரு நடுக்கத்தோடு, டாக்டர் அலறினார்.

"மிஷினா? எந்த மிஷின்கா? என் பொண்டாட்டி வீட்லதானே இருக்கா!"